வீட்டு இறுவட்டுகள்



யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கொழும்பிலோ உள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தின் இல்லத்தில், தொலைக்காட்சிப் பெட்டியின் கீழுள்ள இழுப்பறையைத் திறந்து பார்த்தால், அங்கே இறுவட்டுகள் அடுக்கடுக்காகக் கிடப்பதைக் காணலாம். சில மணமக்களின் படம் அச்சிட்ட அழகிய உறைகளில் இருக்கும். சில வெறும் கடதாசி உறைகளில் இருக்கும். வேறு சில உறையே இன்றி ஒன்றோடொன்று உராய்ந்து கிடக்கும். அவற்றை இயக்கிய கருவியோ பழுதடைந்து பரண்மேல் ஏறி நாளாகிவிட்டது. புதிதாக வாங்கும் மடிக்கணினிகளில் வட்டு நுழைக்கும் வாயிலும் பெரும்பாலும் இருப்பதில்லை. அமெரிக்காவிலே 1998 முதல் தபால் மூலம் டிவிடி வாடகைக்கு அனுப்பி வந்த நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2023 செப்டெம்பரில் அவ்வேலையைக் கைவிட்டது. சோனி நிறுவனம் 2025 பெப்ரவரியில், பதிவதற்குரிய புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை நிறுத்தியது. இறுவட்டின் காலம் முடிந்து வருகின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆகவே, இறுவட்டிலுள்ள படங்களைக் கணினிக் கோப்புகளாக மாற்றி வன்தட்டிலே சேர்த்து வைக்கும் வேலையில் இன்று பலர் ஈடுபட்டுள்ளனர். வீட்டிலுள்ள இளைஞர் ஒருவர் ஒரு விடுமுறையிலே இதனைத் தொடங்குவார். ஆனால் தொடங்குவோர் பெரும்பாலும் தவறான முனையிலிருந்தே தொடங்குகின்றனர். முதலில் கையில் எடுப்பது திரைப்பட வட்டுகளையே. அவற்றுக்கு உறை உண்டு, பெயர் உண்டு, வரிசைப்படுத்துவதும் எளிது. உறையில்லாத, பெயரெழுதாத வட்டுகள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. விடுமுறையும் முடிந்துவிடுகின்றது.

திரைப்படம் ஒன்றுக்கு உலகெங்கும் ஆயிரக்கணக்கான பிரதிகள் உள்ளன. ஒரு வீட்டுப் பிரதி கெட்டால் வேறொன்றை வாங்கிக்கொள்ளலாம். ஒரு வீட்டுத் திருமணத்துக்கோ உள்ளவை இரண்டு மூன்று பிரதிகளே. சிலவேளை ஒன்றே ஒன்று. இது ஒரு காரணம். இதனினும் பெரிய காரணம் ஒன்று வட்டின் உடலுக்குள்ளேயே இருக்கின்றது. அதனைச் சற்று விரிவாக அறிதல் நன்று.

திரைப்பட வட்டும் திருமண வட்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினும் அவை ஒரே பொருள் அல்ல. கடையில் விற்கும் திரைப்பட வட்டு, தொழிற்சாலையிலே அச்சுக்கொண்டு அழுத்திச் செய்யப்படுவது. பிளாத்திக்கின் மேற்பரப்பில் நுண்ணிய குழிகள் பதிந்திருக்கும். அதன்மேல் அலுமினியம் மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கும். குழி என்பது ஒரு வடிவம். அது எளிதில் அழியாது. படப்பிடிப்பாளர் தமது நிலையத்திலிருந்து பதிந்து கொடுத்த வட்டிலோ குழி இல்லை. அங்கே இருப்பது ஒருவகைச் சாயம். கணினியாளர் இவ்வாறு பதிவதை 'எரித்தல்' என்று வழங்குவது பொருத்தமே. லேசர்க் கதிர் அச்சாயப் படலத்தைப் புள்ளிபுள்ளியாகச் சுட்டு அதன் இயல்பை மாற்றுகின்றது. சுட்ட புள்ளிக்கும் சுடாத இடத்துக்கும் உள்ள வேறுபாடே படமும் ஒலியுமாக மீள்கின்றது. சாயம் என்றால் வெளுக்கும். வெயில் படினும், வெப்பம் மிகினும், ஈரக் காற்றிலே நெடுநாள் கிடப்பினும் அவ்வேறுபாடு மங்குகின்றது. நல்ல தரமான வட்டுகள் பல பத்தாண்டுகள் நிற்கலாம். மலிவான வட்டுகள் சில ஆண்டுகளிலேயே கெட்டதும் உண்டு. எது நல்லது, எது மலிவு என்பது அதைப் பதிந்து கொடுத்தவருக்கே தெரியும். இலங்கையின் வெப்பமும் ஈரமும் இவ்வட்டுகளுக்கு நண்பர்கள் அல்ல.

இந்த இடத்திலே ஓலைச்சுவடிகளை நினைவுகூராதிருத்தல் இயலாது. முன்னோர் ஏடு பழுதாகுமுன் அதனைப் புதிய ஏட்டிலே பெயர்த்தெழுதி வந்தனர். அவ்வாறு பெயர்த்தெழுதப்படாத நூல்கள் மறைந்தன. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், தாம் தேடிப் பெற்ற சுவடிகள் தொடும்போதே உதிர்ந்த நிலையைத் தமது பதிப்புரையில் வருந்தி எடுத்துரைத்திருக்கின்றார். அவர் 1887இல் கலித்தொகையை அச்சேற்றியது, அவ்வாறு உதிர்ந்துகொண்டிருந்த ஏடுகளிலிருந்தே ஆகும். ஆயினும் ஏட்டுக்கு ஒரு நேர்மை உண்டு. அது தன் அழிவைக் கண்ணுக்குக் காட்டும். ஓரம் முரிந்தால் ஓரத்துச் சொல்தான் போகும். நடுவிலுள்ள அடி எஞ்சும். பூச்சி தின்ற துளையைச் சுற்றி எழுத்துகள் நிற்கும்.

இறுவட்டு அத்தகையதன்று. ரீட், சொலமன் என்னும் கணித அறிஞர் இருவர் 1960இல் வெளியிட்ட பிழைதிருத்த முறையொன்று ஒவ்வொரு வட்டிலும் உள்ளுறையாக வேலை செய்கின்றது. பதிவுடன் கூடவே மிகையான சில எண்கள் எழுதப்படுகின்றன. சிறிதளவு எழுத்து அழிந்தாலும், இயக்கும் கருவி அம்மிகை எண்களைக் கொண்டு அழிந்ததைக் கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும். பார்ப்பவருக்குக் குறை தெரியாது. ஆண்டுதோறும் அழிவு பெருகும்; அப்பொழுதும் தெரியாது. பின்னர் ஒருநாள் அழிவு திருத்தத்தின் எல்லையைக் கடக்கும். அன்று படம் கட்டங்கட்டமாகச் சிதறி நிற்கும். அல்லது வட்டை ஏற்ற மாட்டேன் என்று கருவி வெளியே தள்ளிவிடும். "போன தைப்பொங்கலுக்கும் பார்த்தோமே, நன்றாகத்தானே ஓடியது!" என்று வீட்டார் வியப்பர். போன பொங்கலுக்கே அது எல்லையின் விளிம்பில் நின்றது என்பதை அவர்கள் அறியார்.

இவ்வட்டுகள் எக்காலத்தவை என்பதையும் நோக்குதல் வேண்டும். 1982இல் இசைக்கென விற்பனைக்கு வந்த குறுவட்டிலேயே படத்தையும் பதியும் விசிடி என்னும் முறை 1993இல் வகுக்கப்பட்டது. மேல்நாடுகளில் அது பெரிதும் பரவவில்லை. ஆசிய நாடுகளில் வீடுதோறும் புகுந்தது. 1996 நவம்பரில் யப்பானிலே டிவிடி விற்பனைக்கு வந்து, சில ஆண்டுகளில் விசிடியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இலங்கையின் வடக்கைப் பொறுத்தவரை இவ்வட்டுகளின் காலம் ஒரு குறிப்பிட்ட காலத்துடன் இணைந்து நிற்கின்றது. 2002ஆம் ஆண்டிலே போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ-9 வீதி திறந்தது. நெடுங்காலம் பிரிந்திருந்த உறவினர் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஊருக்கு வந்தனர். தள்ளிப்போடப்பட்ட திருமணங்கள் நடந்தன. 2006 ஆகஸ்டில் அவ்வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 மே மாதத்திலே போர் முடிவுற்றது. அந்த நான்கு ஆண்டு இடைவெளியில் எடுத்த படங்களிலே தென்படும் வீடுகள் சில இன்று இல்லை. பந்தியில் அமர்ந்திருப்போர் பலரும் இல்லை. இடப்பெயர்வில் நிழற்படத் தொகுப்புகளைக் கைவிட்டு வந்த குடும்பங்களுக்கு, இலண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ முன்னரே அனுப்பிய இறுவட்டே எஞ்சிய முகமாயிற்று.

இறுதிக் கிரியைகளின் வட்டுகள் இன்னொரு வகை. தந்தையின் ஈமக்கடனுக்கு வர இயலாத மகன், அயல்நாட்டிலே ஓர் அறையில் அமர்ந்து அதனைப் பார்த்திருப்பான். பின்னர் அதைத் திரும்பப் பார்க்கும் துணிவு எவருக்கும் இருப்பதில்லை. பார்க்கப்படாத வட்டாதலின் அது கெட்டதும் எவருக்கும் தெரிய வருவதில்லை. முதலிற் பிரதிசெய்ய வேண்டிய வட்டு எதுவெனில், இதுவே எனலாம். பிரதிசெய்வதற்கு அதனைப் பார்க்க வேண்டும் என்ற நியதி இல்லை.

இனி வேலையின் முறை. யூஎஸ்பி வடத்தினாற் கணினியுடன் இணைக்கும் வெளிப்புற வட்டு இயக்கி ஒன்று வேண்டும். அதன் விலை பெரிதன்று. உறவினர் சிலர் சேர்ந்து ஒன்றை வாங்கி வீடுவீடாகக் கைமாற்றிக்கொள்வதே தக்கது.

விசிடி ஆயின் அதிலே 'எம்பெக்-ஏவி' என்னும் பெயருடைய கோப்புறை ஒன்று இருக்கும். அதனுள்ளிருக்கும் பெரிய கோப்பே படம். அதனை அப்படியே கணினிக்குப் படியெடுத்து, விஎல்சி போன்ற இலவச மென்பொருளினால் இயக்கிப் பார்க்கலாம். விசிடி ஒன்றில் ஏறக்குறைய 74 நிமிடப் படமே அடங்கும். ஆதலால் ஒரு திருமணம் இரண்டு மூன்று வட்டுகளாகப் பிரிந்து கிடக்கும்: பொன்னுருக்கல் முதல் வட்டில் என்றால், தாலிகட்டு இரண்டாவதில். இரண்டாவது வட்டைப் பக்கத்து வீட்டார் பார்க்கக் கொண்டுபோய்த் திருப்பித் தராதிருக்கவும் கூடும். அதைத் தேடுவதும் இவ்வேலையில் அடங்கும். விசிடியின் படப்பகுதிக்கு, சாதாரணக் கோப்புகள் பதிந்த வட்டுக்கு உள்ள அளவு பிழைதிருத்தக் காவல் இல்லை. கூடுதலான படம் அடங்குவதற்காக அக்காவலின் ஒரு படி விட்டுவிடப்பட்டது. ஆகவே விசிடியும் டிவிடியும் இருக்கும் வீட்டில் விசிடிக்கே முன்னுரிமை.

டிவிடியில் 'வீடியோ-ரீஎஸ்' என்னும் கோப்புறை இருக்கும். அதனுள்ளே படம் ஒவ்வொன்றும் ஒரு கிகாபைற்றுக்கு மேற்படாத துண்டுகளாகப் பிரிந்திருக்கும். துண்டுகளைத் தனித்தனியே இழுத்து வைத்தால் சடங்கு நடுவிலே அறுந்து நிற்கும். மேக்எம்கேவி என்னும் மென்பொருள் அத்துண்டுகளை ஒன்றாக்கி, படத்தையும் ஒலியையும் சிறிதும் மாற்றாமல் ஒரே கோப்பாகத் தந்துவிடும். ஓர் அடுக்கு டிவிடி கொள்ளும் அளவு 4.7 கிகாபைற்று. இயக்கியின் வேகத்தைப் பொறுத்து, நல்ல நிலையிலுள்ள வட்டு ஒன்று பத்துப் பதினைந்து நிமிடங்களில் முடிந்துவிடும். நாற்பது வட்டுகள் உள்ள வீட்டுக்கு இது பத்து மணி நேர வேலை. வேண்டிய இடமோ 200 கிகாபைற்றுக்கும் குறைவு. ஓராயிரம் கிகாபைற்றுக் கொள்ளளவுள்ள வன்தட்டிலே இன்னும் நான்கு வீட்டாரின் படங்களுக்கு இடம் எஞ்சும்.

சில டிவிடிகள், அவற்றைப் பதிந்த கருவியில் மட்டும் இயங்கி, கணினியிலே வெறும் வட்டாகத் தோன்றும். வீட்டிலிருந்த டிவிடிப் பதிவுக் கருவியாற் பதிந்து, பதிவை முடித்துவைக்கும் இறுதிக் கட்டளையை இடாமல் விட்டவை அவை. கெட்டுப்போயின என்று அவற்றை எறிந்துவிடலாகாது. அதே கருவி உயிருடன் இருந்தால் அதிலே வைத்து அக்கட்டளையை இட்டால் போதும்.

கீறல் விழுந்த வட்டுகளைப் பற்றிப் பலவகைக் கைவைத்தியங்கள் வழங்குகின்றன. பற்பசை பூசித் தேய்ப்பது அவற்றில் ஒன்று. ஒரே பிரதியாக உள்ள வட்டிலே இதனைச் செய்து பார்ப்பது விவேகமன்று. தூய நீரில் நனைத்த மென்மையான பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைத்தலாகாது. டிவிடியிலே பதிவு ஒரே சுருளாக, உள்ளிருந்து வெளியே ஏறக்குறைய 12 கிலோமீற்றர் நீளத்துக்குச் சுற்றிச் செல்கின்றது. சுருளுக்குக் குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவையே மறைக்கும். அதைப் பிழைதிருத்தம் நிரப்பிவிடும். சுருளின் வழியே நீளமாக விழும் கீறலோ தொடர்ந்து பலவற்றை விழுங்கிவிடும். விசிடியில் இன்னொன்றும் உண்டு: அதன் பதிவுப் படலம் பெயரெழுதும் பக்கத்துக்கு அடியில், மெல்லிய பூச்சு ஒன்றன் கீழேயே இருக்கின்றது. கூரிய பேனாவினால் அதன்மேல் 'அக்காவின் கலியாணம்' என்று அழுத்தி எழுதியவர், அக்கலியாணத்தின் மேலேயே எழுதியவராவார்.

ஓர் இயக்கி படிக்க மறுக்கும் வட்டை வேறோர் இயக்கி படித்துவிடுவதும் உண்டு. கண்ணுக்குக் கண் பார்வை வேறுபடுவது போல என்க. டிடிரெஸ்கியூ என்னும் இலவச மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் எடுத்து வைத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பொறுமையாகத் திரும்பி வரும். எவை எஞ்சின என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளும். அக்குறிப்பைக் கொண்டு இன்னோர் இயக்கியிலே விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஓரிரவு முழுவதும் அது ஓடினாலும் ஓடட்டும்.

இவ்வாறு பெற்ற கோப்பைச் சுருக்க வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. ஹான்ட்பிரேக் என்னும் மென்பொருள், 2003இல் வகுக்கப்பட்ட எச்-264 முறையிலே கோப்பின் அளவை வெகுவாகக் குறைத்துத் தரும். கைத்தொலைபேசியிற் பார்ப்பதற்கும் உறவினருக்கு அனுப்புவதற்கும் அது ஏற்றதே. ஆனால் சுருக்கிய பிரதியை வைத்துக்கொண்டு மூலக் கோப்பை அழித்துவிடுதல் கூடாது. சுருக்கும்போது விடுபட்ட நுட்பம் மீள வராது. வன்தட்டின் விலை குறைந்துள்ள இக்காலத்தில் சில கிகாபைற்றை மீதப்படுத்த ஒரு முகத்தின் தெளிவை விலையாகக் கொடுப்பது என்ன சிக்கனமோ!

பழைய படங்களைக் கணினியிற் பார்க்கும்போது, அசையும் உருவங்களின் ஓரத்திலே சீப்பின் பற்கள் போன்ற கோடுகள் தோன்றும். தவிற்காரரின் கை விரைந்து ஓடும் இடத்தில் இது நன்கு புலப்படும். அது வட்டின் பழுதன்று. அக்காலத் தொலைக்காட்சி முறையிலே ஒவ்வொரு படமும் ஒற்றைவரிகள், இரட்டைவரிகள் என இரு பாதிகளாக, வினாடிக்கு 50 பாதிகள் வீதம் பதியப்பட்டது. பார்ப்பதற்கென ஆக்கும் சிறிய பிரதியில் அக்கோடுகளை நீக்கிக்கொள்ளலாம். மூலத்தில் அவை இருந்தபடியே இருக்கட்டும்.

செயற்கை நுண்ணறிவினாற் பழைய படத்தைப் புதுப்பித்துத் தரும் கருவிகள் இப்பொழுது மலிந்துள்ளன. மங்கிய முகத்தை அவை பளிச்சென்று ஆக்கிக் காட்டும். படத்தில் இல்லாத நுட்பத்தை அவை பல்லாயிரம் பிற முகங்களிலிருந்து கற்று ஊகித்து வரைகின்றன. மறைந்த பாட்டியாரின் முகத்திலே தெளிவாகத் தெரியும் அந்தச் சுருக்கம் அவருடையதாக இராமலும் இருக்கலாம். மங்கலான உண்மை முகம் வீட்டிலே இருக்கும்வரை, வேடிக்கைக்காக இதையும் செய்து பார்க்கலாம்.

திரைப்பட வட்டுகளைப் பற்றி ஒரு சொல். அவற்றிலே சிஎஸ்எஸ் என்னும் மறைப்பூட்டு உண்டு. 1999இல் அப்பூட்டைத் திறக்கும் மென்பொருள் வெளிவந்தபோது, நோர்வே நாட்டு இளைஞர் யோன் லெக் யோஹான்சன் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2003இல் கீழ் நீதிமன்றமும் மேல் நீதிமன்றமும் அவரை விடுவித்தன. அமெரிக்காவிலோ 1998ஆம் ஆண்டின் சட்டம் பூட்டுத் திறத்தலையே தடைசெய்கின்றது. ஐக்கிய இராச்சியம் தன் சொந்தப் பாவனைக்கான பிரதியை 2014 ஒக்டோபரில் அனுமதித்தது. 2015 யூலையில் உயர் நீதிமன்றம் அவ்வனுமதியை நீக்கிவிட்டது. இலங்கையிலே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பிறருடைய படைப்பைப் பிரதிசெய்து விற்பதும் பரப்புவதும் எங்குமே குற்றமாகும். வீட்டு நிகழ்ச்சிகளின் வட்டிலே பூட்டுமில்லை. அதனைத் தம் குடும்பத்துக்கெனப் பிரதிசெய்வோரை எவரும் தடுக்கப்போவதுமில்லை. இதுவும் அதனை முதலில் எடுப்பதற்கு ஒரு காரணமாகும்.

வன்தட்டும் அழியாப் பொருளன்று. அது சில ஆண்டுகளில், முன்னறிவித்தலின்றி நின்றுவிடக் கூடும். ஆகவே இரண்டு வன்தட்டுகளிலேனும் எழுதி, அவற்றுள் ஒன்றை வேறு வீட்டில் வைத்தல் வேண்டும். ஒரே கூரையின் கீழ் இரண்டு பிரதி இருப்பது நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் ஒரு பிரதியே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அங்கே சாம்பலாயின. புலம்பெயர்ந்தோர் உள்ள குடும்பங்களுக்கு வேறு வீடு தேடும் சிரமம் இல்லை. அண்ணன் கனடாவிலும் தங்கை பரிசிலும் சின்னம்மா கொழும்பிலுமாகச் சிதறியிருப்பது, துயரமே ஆயினும், இவ்வொரு காரியத்துக்கு மிக உகந்த ஏற்பாடாகும். ஆண்டுக்கொருமுறை அவரவர் தம் பிரதியைத் திறந்து இயக்கிப் பார்த்தால் போதும். பழைய வட்டுகளையும் உடனே எறிந்துவிடாமல், வெளிச்சம் படாத உலர்ந்த இடத்திலே நிறுத்தி வைக்கலாம்.

கோப்புக்குப் பெயரிடும்போது ஆண்டை முதலில் எழுதினால் அவை தாமாகவே காலவரிசையில் நிற்கும்: '2004 செப்டெம்பர், மூத்த மகள் திருமணம், 2ஆம் வட்டு' என்பது போல. ஆயின் பெயர் மட்டும் போதாது. பந்தலிலே முன்வரிசையில் நீலச் சேலையுடன் அமர்ந்திருக்கும் மூதாட்டி யார்? மாப்பிள்ளைத் தோழனுக்குப் பின்னால் நின்று சிரிக்கும் பையன் யார் பிள்ளை? இன்று இதற்கு விடை சொல்லக்கூடியவர்கள் எழுபது, எண்பது வயதினர். அவர்களுள் ஒருவரைத் திரையின் முன் அமர்த்தி, படத்தை நிறுத்தி நிறுத்தி, வீட்டுப் பிள்ளை ஒன்று கேட்டு எழுதலாம். எந்த மணித்துளியில் யார் தோன்றுகிறார், எந்த ஊர், என்ன முறை என்பவை போதும். இரண்டு மாலைப்பொழுதுகளில் ஒரு திருமணம் முடிந்துவிடும். அம்மூதாட்டி யார் என்பதில் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் கருத்து வேறுபட்டால், இருவர் சொன்னதையும் எழுதிக்கொள்ளலாம். எழுதியதைப் படத்தின் பெயரையே இட்டு அதே கோப்புறையில் வைத்துவிட்டால், ரொறன்ரோவுக்குப் போகும் பிரதியுடன் அதுவும் போய்ச் சேரும்.